டுனெடின் பாட்டிகளும் கணுக்கால் எடையும்: விழுவதைக் குறைத்த ஒரு வீட்டுப் பயிற்சி

வீட்டில் வயதானவர் விழுந்துவிட்டால் நாம் முதலில் பழி போடுவது தரையின் மேல்தான். பாத்ரூம் வழுக்கிவிட்டது, மிதியடி தடுக்கிவிட்டது, யாரோ தண்ணீரைக் கொட்டிவிட்டார்கள். அதே தரையில் பேரனும் தடுக்கியிருப்பான். ஆனால் அடுத்த காலைச் சட்டென்று முன்னால் ஊன்றித் தப்பித்திருப்பான். பாட்டியால் எடுத்து வைக்க முடியாமல் போனது அந்த ஒரே ஒரு எட்டுதான். அந்த எட்டை 80 வயதுக்கு மேல் திரும்பக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று நியூசிலாந்தின் டுனெடின் நகரத்தில் ஒரு குழு சோதித்துப் பார்த்தது. அதன் முடிவுகள் 1997இல் வெளிவந்தன. முதியோர் விழுவதைத் தடுப்பது பற்றி இன்று உலகில் எங்கே பேசினாலும் அந்த வேலையைத் தொடாமல் போவதில்லை. ஒடாகோ பயிற்சித் திட்டம் என்று அதற்குப் பெயர்.

பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுவதால் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். அதில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்.

கால் ஏன் காலை வாருகிறது

நம் தசைகளில் இரண்டு வகை நார்கள் உண்டு. நிதானமாக நெடுநேரம் உழைப்பவை ஒன்று, சட்டென்று வேகமாகச் சுருங்குபவை இன்னொன்று. வயதாக ஆக அதிகம் மெலிவது இரண்டாவது வகை. அதனால்தான் ஒரு தாத்தா கோயிலைச் சுற்றி அரை மணி நேரம் நடந்துவிட்டு வருவார், வீட்டு வாசற்படியில் தடுக்கினால் மட்டும் சமாளிக்க முடியாது. நடக்க வேண்டியது நிதானமான நார். தடுக்கியபின் மீட்க வேண்டியது வேகமான நார். அதற்குக் கிடைக்கும் நேரமோ ஒரு நொடிகூட இல்லை.

இன்னொரு விஷயம் பலர் யோசித்திருக்க மாட்டார்கள். நடக்கும்போது பெரும்பாலான நேரம், ஏறத்தாழ 80 சதவீதம், நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்த நேரத்தில் இடுப்பு ஒருபக்கம் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வது இடுப்பின் வெளிப்பக்கத் தசை. அது தளர்ந்தால் உடல் பக்கவாட்டில் ஆடும். பக்கவாட்டில் விழுந்தால் அடி நேராக இடுப்பு மூட்டின் மேல் இறங்கும். தொடை எலும்பின் கழுத்து முறிவதற்கு அதுதான் மிக மோசமான விழுகை. முன்னங்காலைத் தூக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்தால் வேறு வம்பு. காலின் நுனி தரையை உரசிக்கொண்டே வரும், அரை அங்குல மேடும் தடுக்கும்.

இந்தத் தசை எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு 2007இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமாக இருந்த, சராசரி 67 வயதுள்ள 12 பேரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குக் கொழுப்பற்ற திசு குறைந்துவிட்டது. நோய் எதுவும் இல்லை, சாப்பாட்டில் குறையில்லை, வெறும் படுக்கைதான். நம் வீடுகளில் ஒரு காய்ச்சலுக்கு, ஒரு கண் ஆபரேஷனுக்கு “ரெஸ்ட் எடுங்க” என்று பதினைந்து நாள் படுக்க வைப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். காய்ச்சல் போய்விடும், கால் திரும்பி வராது. அடுத்த மாதம் பாத்ரூமில் விழும்போது யாரும் அந்தப் பதினைந்து நாளை நினைப்பதில்லை.

போன தசையைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்விக்கு டுனெடினுக்கு முன்பே பாஸ்டனில் பதில் கிடைத்திருந்தது. மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவர் அங்கே ஒரு முதியோர் மறுவாழ்வு மையத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். 1990இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. 1994இல் 100 பேரை வைத்துப் பெரிய அளவில் செய்தபோதும் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பலம் ஏறவில்லை. அப்பா மெலிந்துவிட்டார் என்றதும் சத்துமாவு டப்பா வாங்கி வருவதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைப்பவர்களுக்காகவே செய்தது போலிருக்கிறது இது.

ஆனால் பாஸ்டனில் நடந்தது இயந்திரத்தில் செய்த கடுமையான பயிற்சி. ஒருவரால் அதிகபட்சம் தூக்க முடிந்த எடையில் 80 சதவீதம், பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்துக்கொண்டது. வீட்டில் தனியாக இருக்கும் ஒரு 84 வயதுப் பாட்டிக்கு இதை எப்படிக் கொண்டுபோவது? தசை ஏறினால் விழுவது குறைகிறதா என்பதும் அப்போது முடிவாகாத கேள்வி.

டுனெடினில் செய்தது

ஒடாகோ பல்கலைக்கழகத்தில் முதியோர் மருத்துவரான ஜான் கேம்ப்பெல், ஆய்வாளர் கிளேர் ராபர்ட்சன், பிசியோதெரபிஸ்ட் மெலிண்டா கார்ட்னர் ஆகியோர் இருந்த குழு, நகரத்தின் 17 பொது மருத்துவர் கிளினிக்குகளின் பதிவேட்டிலிருந்து 80 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களை அழைத்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே அழைத்தார். மொத்தம் 233 பேர் சேர்ந்தார்கள், சராசரி வயது 84. குலுக்கல் முறையில் 116 பேர் பயிற்சிக்கும் 117 பேர் ஒப்பீட்டுக்கும் பிரிக்கப்பட்டார்கள்.

முதல் இரண்டு மாதத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நான்கு முறை போனார். அதற்குப் பிறகு போனில் விசாரிப்பு. அவ்வளவுதான். பாட்டி வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு அரை மணி நேரம் வீட்டிலேயே பயிற்சி செய்ய வேண்டும். முடிந்தவர்கள் மற்ற நாட்களில் நடக்கவும் வேண்டும்.

ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது ஒப்பீட்டுக் குழுவை நடத்திய விதம். அவர்களை அப்படியே விட்டுவிடவில்லை. அதே எண்ணிக்கையில் அவர்கள் வீட்டுக்கும் ஆள் போய், சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தார்கள். தனியாக இருக்கும் ஒருவருக்கு மாதம் இரண்டு முறை யாராவது வந்து பேசினாலே தெம்பு வந்துவிடும். பயிற்சியால் வந்த பலனையும் பேச்சுத்துணையால் வந்த பலனையும் பிரித்துக் காட்ட வேண்டுமானால் இப்படித்தான் செய்ய வேண்டும். விழுந்ததை எண்ணியதும் அதே கவனத்தோடு நடந்தது. தபால்தலை ஒட்டிய அட்டைகளை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். பாட்டி ஒவ்வொரு நாளும் விழுந்தாரா இல்லையா என்று அதில் குறித்து மாதாமாதம் தபாலில் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து “எத்தனை முறை விழுந்தீர்கள்” என்று கேட்டால் பாதி மறந்திருக்கும், மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கும்.

சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு

பயிற்சி என்னவோ பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் எடைப்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அரை கிலோ அல்லது ஒரு கிலோவில் தொடக்கம். முழங்காலை மெதுவாக நீட்டி, மெதுவாக இறக்க வேண்டும். பிறகு எழுந்து சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைப் பின்பக்கம் மடக்குவது. அடுத்தது காலைப் பக்கவாட்டில் தூக்குவது. இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்கு வேலை கொடுப்பது இதுதான். அப்புறம் எடை இல்லாமல் குதிகாலைத் தூக்கி விரல்களில் நிற்பது, அதையே மாற்றி முன்னங்காலைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. காலுக்குப் பலம் தர இந்த ஐந்துதான்.

சமநிலைக்கான பகுதி நீளமானது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பின்னோக்கி நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, 8 என்ற எண்ணின் வடிவத்தில் சுற்றி வருவது, ஒற்றைக் காலில் நிற்பது, மாடிப்படி ஏறி இறங்குவது என்று போகும். இதில் ஒன்றை மட்டும் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு காலின் குதி மற்ற காலின் விரல் நுனியைத் தொடும்படி, இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருக்க நிற்க வேண்டும். 10 நொடி. முதல் வாரம் ஒரு கை மேடையைப் பிடித்திருக்கும். பிடித்திருக்கும்போதே கணுக்கால் இரண்டு பக்கமும் நடுங்குவது தெரியும். அந்த நடுக்கம்தான் பயிற்சி. கணுக்கால் தப்புவதும் திருத்துவதுமாக மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நடுக்கம் நின்று சௌகரியமாக நிற்க முடிந்துவிட்டால், அந்தப் படியின் வேலை முடிந்தது. அடுத்து மேடையை விட்டுவிட வேண்டும். அதுவும் பழகிவிட்டால் அதே கோட்டில் அடிமேல் அடி வைத்து 10 எட்டு நடக்க வேண்டும், முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். அதற்கும் மேலே அதையே பின்னோக்கி.

எடைக்கும் இதே கணக்குதான். 8 முதல் 10 முறை தூக்கியதும் கால் களைக்கிற எடை வேண்டும். 10 முறை வீதம் இரண்டு சுற்று நோகாமல் செய்ய முடிந்தால் எடை கூடும். பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு முறை வந்தபோதும் செய்த முக்கியமான வேலை இதுதான்: பாட்டி இப்போது எந்தப் படியில் இருக்கிறார் என்று பார்த்து, பயிற்சியை ஒரு படி கடினமாக்கிவிட்டுப் போனார்.

“முதியோருக்கான மென்மையான உடற்பயிற்சி” என்று யூடியூபில் தேடினால் உட்கார்ந்தபடியே கையை நீட்டி மடக்கும் வீடியோக்கள் வரிசை கட்டும். மூட்டுக்கு நல்லதுதான், மனசுக்கும் நல்லது. ஆனால் உட்கார்ந்திருப்பவருக்குச் சமநிலை கெடவே வாய்ப்பில்லை, கெடாததைத் திருத்த உடம்பு கற்காது. ஒடாகோ பயிற்சி மென்மையானது என்பது அதன் தொடக்கத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஆறாவது மாதமும் அதே அரை கிலோவோடு அதே மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஒடாகோ செய்யவில்லை என்றே சொல்வேன்.

ஒரு வருடம் கழித்து

பேச்சுத்துணை மட்டும் கிடைத்த 117 பேர் ஒரு வருடத்தில் மொத்தம் 152 முறை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்த 116 பேர் 88 முறை. ஒருவர் ஆண்டுக்கு விழுந்த சராசரி ஒப்பீட்டுக் குழுவில் 1.34 முறை, பயிற்சிக் குழுவில் 0.87. அடிபடும்படி விழுவதும் குறைந்திருந்தது. ஆறாம் மாதத்தில் அளந்தபோது பயிற்சிக் குழுவின் சமநிலை தெளிவாக முன்னேறியிருந்தது.

இரண்டாம் ஆண்டுக்கும் தொடர விருப்பமா என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் சம்மதித்தார்கள், இரண்டாம் ஆண்டின் முடிவிலும் பலன் நிலைத்தது. அப்போது பயிற்சிக் குழுவில் மிஞ்சியிருந்தவர்களில் 44 சதவீதம் பேர் வாரம் மூன்று முறைக்குக் குறையாமல் செய்துகொண்டிருந்தார்கள். 86 வயதில், யாரும் அடிக்கடி வந்து பார்க்காமல், இரண்டு வருடம்! ஜிம்முக்குச் சந்தா கட்டிய நம்மில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போயிருப்போம்?

அடுத்து எழுந்த சந்தேகம் நியாயமானது. இது ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டின் கைராசியா, அல்லது யார் செய்தாலும் நடக்குமா? மேற்கு ஆக்லாந்தில், வீடுகளுக்குப் போகும் ஒரு நர்சுக்குப் பயிற்சி கொடுத்து, 75 வயதைத் தாண்டிய 240 பேரிடம் செய்து பார்த்தார்கள். 2001இல் முடிவு வந்தது. விழுவது 46 சதவீதம் குறைவு. ஒப்பீட்டுக் குழுவில் விழுந்து காயம்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தது ஐந்து முறை, பயிற்சிக் குழுவில் ஒன்றுகூட இல்லை. ஒரு விழுகையைத் தடுக்க ஆன செலவு 1998 விலையில் 1,803 நியூசிலாந்து டாலர். தவிர்த்த ஆஸ்பத்திரிச் செலவைக் கழித்துப் பார்த்தால் அது 155 டாலராக இறங்கியது. நியூசிலாந்தில் விபத்தில் யாருக்குக் காயம் பட்டாலும் செலவை ஏற்பது ஏசிசி என்ற அரசு விபத்துக் காப்பீட்டு நிறுவனம். பாட்டி விழுந்தால் அதன் பணம்தான் போகும் என்பதால் இந்தக் கணக்கில் அதற்கு ஆர்வம் வந்ததில் ஆச்சரியமில்லை. பயிற்சிக் கையேட்டை வெளியிட்டுப் பரப்பியதும் அந்த நிறுவனம்தான்.

இந்தப் பயிற்சியை இதே குழு சோதித்த நான்கு ஆய்வுகளையும் சேர்த்து, 65 முதல் 97 வயது வரையிலான 1,016 பேரின் தகவலை 2002இல் ஒன்றாக அலசினார்கள். விழுவதும் விழுந்து காயம்படுவதும் 35 சதவீதம் வீதம் குறைந்திருந்தன. காயத்தில் அதிகப் பலன் கிடைத்தது 80 வயதைத் தாண்டியவர்களுக்கு. “இனிமே இந்த வயசுல என்னப்பா பயிற்சி” என்று கையை உதறுபவரிடம் இதைச் சொல்லலாம்.

பலிக்காத இடங்கள்

இதே குழு, பார்வை மிகவும் மங்கிய 75 வயதுக்கு மேற்பட்ட 391 பேரிடம் பயிற்சியைச் சோதித்து 2005இல் வெளியிட்டது. பயிற்சிக் குழுவில் விழுவது குறையவில்லை. ஒழுங்காகச் செய்தவர்கள் குறைவாக விழுந்தார்கள், ஆனால் ஒழுங்காகச் செய்தவர்களே குறைவு. மாறாக, அன்றாட வேலைகளைப் பாதுகாப்பாகச் செய்ய உதவும் சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, தடுக்கும் பொருட்களை அகற்றி, வெளிச்சத்தைக் கூட்டி, கைப்பிடி வைத்துக் கொடுத்ததில் 41 சதவீதம் குறைந்தது. கண் தெரியாதவருக்குத் தரைதான் முதல் எதிரி. ஆரம்பத்தில் தரையின் மேல் பழி போடுவதைக் கிண்டல் செய்தேனே, அது இவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று மாத்திரை. தூக்க மாத்திரை, மனஅமைதி மாத்திரை வகைகளை எடுத்துக்கொண்டிருந்த 93 பேரிடம் நடந்த டுனெடின் ஆய்வு 1999இல் வெளியானது. டாக்டர் மேற்பார்வையில் அந்த மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களிடம் விழும் அபாயம் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. எந்தப் பயிற்சியும் தராத பலன் அது. வேடிக்கை என்னவென்றால், ஆய்வு முடிந்து ஒரு மாதத்துக்குள் அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மறுபடி மாத்திரைக்குப் போய்விட்டார்கள். தூக்கம் அப்படிப்பட்டது. சர்க்கரை, பிரஷர், தூக்கம் என்று நான்கைந்து மாத்திரை போடும் ஒருவர் எழுந்தவுடன் தலை சுற்றுகிறது என்றால், எடைப்பட்டை வாங்கும் முன் மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது, முக்கியமாகத் தூக்க மாத்திரையை.

நடைப்பயிற்சி பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நடை நல்லது, அதில் சண்டையில்லை. ஆனால் விழுவதைத் தடுக்க நடை மட்டும் போதும் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. கையில் எலும்பு முறிந்து மீண்ட பெண்களை வேகமாக நடக்கச் சொன்ன ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், அதுவும் 1997தான், நடந்தவர்கள் கூடுதலாக விழுந்தார்கள். யோசித்தால் புரியும். சமநிலை சரியாக இல்லாத ஒருவரை அதிக நேரம் ரோட்டில் விட்டால் தடுக்கும் வாய்ப்பும் கூடத்தான் செய்யும். 2019இல் 108 ஆய்வுகளை, 23,407 பேரின் தகவலோடு தொகுத்த, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அலசலும் அதே திசையைக் காட்டியது. எல்லா வகைப் பயிற்சியையும் சேர்த்து விழுகை 23 சதவீதம் குறைந்தது. சமநிலையோடு எடைப் பயிற்சியும் சேர்ந்தபோது சுமார் 34 சதவீதம். தாய் சீ என்ற நிதானமான சீனப் பயிற்சிக்கு 19. நடைக்கு உறுதியான பலன் தென்படவில்லை.

நம்மூரில் செய்வதென்றால்

டுனெடினின் உபகரணப் பட்டியல் ஒரு எடைப்பட்டை, ஒரு நாற்காலி, பிடித்துக்கொள்ள அசையாத ஒரு மேடை. இது எல்லா ஊரிலும் கிடைக்கும். நாற்காலி பிளாஸ்டிக்காக இருந்தால் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும், நழுவும். தொடங்கும் முன் ஒரு சின்ன அளவு எடுத்து வைத்துக்கொள்ளலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது? ஆசிய நாடுகளுக்கான தசை இழப்பு வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலின் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33க்கும் குறைவாக இருப்பதும் எச்சரிக்கை. தையல் டேப் போதும். சமீபத்தில் விழுந்தவர், பக்கவாதம் வந்தவர், நெஞ்சு வலி உள்ளவர் பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, அது அன்பிலிருந்து வருவது. “அத்தை, நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று மருமகள் தண்ணீரிலிருந்து செய்தித்தாள் வரை கையில் கொண்டுவந்து கொடுப்பார். மரியாதைதான். ஆனால் அத்தை ஒரு நாளில் நாற்காலியிலிருந்து எழும் இருபது முறையில் பதினைந்தை அது தின்றுவிடுகிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்த தலைமுறை, கட்டிலும் சோபாவும் மேற்கத்திய டாய்லெட்டும் வந்தபின் கால் பலத்துக்கான அன்றாட வேலையில் பாதியை இழந்துவிட்டது. முழங்கால் தேய்ந்தவரை மறுபடி தரையில் உட்காரச் சொல்ல முடியாது, இழந்த வேலையை வேறு வழியில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

டுனெடின் முறையின் உயிர் வீடு தேடி வந்த ஆள். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. படுத்துவிட்டவருக்குப் போகும் அதே பிசியோதெரபிஸ்ட், பக்கத்து வீட்டில் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும், ஆனால் போன வருடம் ஒருமுறை விழுந்த 80 வயதுப் பாட்டியையும் பார்த்துவிட்டு வர இரண்டு மாதத்தில் நான்கு முறை போதும். மேற்கு ஆக்லாந்தில் அந்த வேலையைச் செய்தது ஒரு நர்ஸ், அதற்கு முன் அவருக்குப் பயிற்சித் திட்டங்கள் நடத்திய அனுபவம் கிடையாது.